ஏடிஎச்டி பிள்ளைக்கு உதவி அந்த நிமிஷத்தில் வேண்டும்

கவனத்தை நிறுத்தவோ ஆடாமல் உட்காரவோ சிரமப்பட வைக்கும் ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் நாம் அதிகமாகச் சொல்லும் வார்த்தை "கவனமா இரு". எல்கேஜியிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்கிறார்கள். ஒரு நாள் சும்மா பக்கத்தில் உட்கார வைத்து, "வகுப்பில் என்னென்ன செய்யணும், சொல்லுடா" என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர் பேசும்போது பேசக்கூடாது, கேள்வியை முழுசாப் படிக்கணும், டைரியில ஹோம்வொர்க் எழுதணும், பென்சிலைத் தொலைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வான். தெரியாமல் இல்லை. தெரிந்தது, செய்ய வேண்டிய அந்த நிமிஷத்தில் கைக்கு வருவதில்லை. அதனால் நாம் செய்யும் உதவியும் அந்த நிமிஷத்தில், அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் அவனுக்குப் பயன்படும். சாயங்காலம் அம்மாவை வரச் சொல்லி, இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்கிற புத்திமதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மறுநாள் காலை மூன்றாவது பீரியடில் அது அவனோடு இருக்காது.

நான் தென்மாவட்டத்தில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. ஆறிலிருந்து பத்து வரை எடுக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருப்பார்கள், அதில் இந்தப் பிரச்சினை உள்ள ஒருவராவது எல்லா வருஷமும் இருப்பார். நான் டாக்டர் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. ஆனால் பிள்ளையோடு தினமும் அதிக நேரம் இருப்பது வகுப்பாசிரியர்தான், எனவே வகுப்பில் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரு பையனை எடுத்துக்கொள்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு. தண்ணீரைப் பற்றிய பாடம் நடத்தும்போது, போர்வெல்லில் இறக்கிய மோட்டாரை எப்படி மேலே எடுப்பார்கள், பைப்பை எப்படிக் கழற்றுவார்கள், கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எழுந்து நின்று விளக்கினான். அவன் அப்பா அந்த வேலைக்குப் போகிறவர். வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேட்டது. அடுத்த பத்து நிமிஷத்தில் சொல்வதை எழுதச் சொன்னேன். கொக்கு என்றால் "கெகு". கோயில் என்றால் "கேயில்". வெண்டைக்காய் "வெடைகய்". நான்காவது சொல்லுக்கு மேல் தாளில் எதுவும் இல்லை, ஓரத்தில் மோட்டார் படம் மட்டும் இருந்தது.

இந்தத் தப்புகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ண, ன, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இவன் தவறவிடுவது வேறு. தமிழில் "கொ" எழுத மூன்று துண்டு வேண்டும். கொம்பு முன்னால் வருகிறது, நடுவில் க, பின்னால் கால். காதில் விழுவது க் என்ற ஒலி முதலில், ஒ அப்புறம், ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பு. ஒலியின் வரிசை ஒன்று, எழுத்தின் வரிசை வேறொன்று. இந்த இடத்தில்தான் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பையும் எழுத்தையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளை தடுமாறுகிறது, கொம்பைப் போட்டதும் வேலை முடிந்ததாக எண்ணிக் காலை விட்டுவிடுகிறது. சொல்லின் நடுவில் வரும் புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான், தனியாக ஒலிக்காததால் கண்ணில் படுவதே இல்லை. மூன்றாம் வகுப்பில் இது வந்தால் பழக்கக் குறைவாக இருக்கலாம். இவ்வளவு நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு ஏழாம் வகுப்பிலும் தொடர்ந்தால் அதைச் சோம்பல் என்று ஒதுக்க முடியாது.

ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் பல பிள்ளைகளுக்குச் சேர்ந்தே இருக்கும், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். படிக்க வராத பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறது, நாம் கவனமில்லை என்கிறோம். கவனம் நிற்காத பிள்ளை வரியை விட்டுவிட்டுப் படிக்கிறது, நாம் படிக்கத் தெரியவில்லை என்கிறோம். நான் வகுப்பில் செய்து பார்ப்பது எளிது. கேள்வியை நானே வாசித்துக் காட்டி, பதிலை வாயால் சொல்லச் சொல்வேன். பதில் சரசரவென்று வந்தால் தடை வாசிப்பிலோ எழுத்திலோ இருக்கிறது. வாயால் சொல்லும்போதும் பாதியில் வேறெங்கோ போய்விடுகிறான், விளையாட்டில் தன் முறை வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது, சொன்ன சாமானை எடுக்கப் போனவன் வெறுங்கையோடு வருகிறான் என்றால் கவனத்திலும் சிக்கல் இருக்கலாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆகாது, டாக்டரிடம் என்ன சொல்லலாம் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லிவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் பக்கத்து நோட்டைத்தான் எட்டிப் பார்க்கும்.

டாக்டர்கள் ஏடிஎச்டி என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையால்தான் ஆசிரியரின் வார்த்தைக்கு அங்கே மதிப்பு. "ரொம்ப வாலு" என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. "எழுதும் வேலை கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான், கதை சொன்னால் கடைசி வரை உட்கார்கிறான், மதியத்துக்கு மேல் அதிகம்" என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், செல்போனை கையில குடுத்தா மூணு மணி நேரம் அசையாம உக்கார்றான், படின்னா மட்டும் எப்படி வரும் இந்த வியாதி?" நியாயமான கேள்விதான். செல்போன் ஒவ்வொரு நொடியும் புதிதாக ஏதாவது தருகிறது, கவனத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்கிறது. சலிப்பான வேலையில் கவனத்தை நாமே பிடித்து நிறுத்த வேண்டும், அந்தப் பிடிதான் இந்தப் பிள்ளைகளுக்குத் தளர்வாக இருக்கிறது. வீம்பு என்று அடித்தால் அந்தப் பிடி இறுகாது, பயம் மட்டும் சேரும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

முதலில் நாம் சொல்லும் விதம். "புத்தகத்த எடுங்க, 42-ஆம் பக்கம், மூணாவது கேள்வி, தேதி போட்டு, கோடு போட்டு, பதிலை எழுதி முடிச்சிட்டு கொண்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஏழு வேலை. இந்தப் பிள்ளையின் மனதில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியது ஒன்றோ இரண்டோ. பக்கத்தைத் திருப்புவதற்குள் மிச்சம் கரைந்துவிடும், அப்புறம் பக்கத்துப் பையனைக் கேட்பான், "பேசாதே" என்று அதற்கும் திட்டு வாங்குவான். நான் இப்போது ஒரு வேலை சொல்லி, அது நடந்த பின் அடுத்ததைச் சொல்கிறேன், போர்டின் ஓரத்தில் எழுதியும் வைக்கிறேன். அவன் பக்கத்தில் போய், "என்ன செய்யணும்?" என்று மெதுவாகக் கேட்டு அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

அடுத்தது தொடக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு வேலையை முடிப்பதை விடத் தொடங்குவது கஷ்டம் என்பது என் அனுபவம். வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் உறைந்துவிடுகிறார்கள். முதல் வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லை நானே எழுதிக் கொடுத்துவிட்டு நகர்வேன். ஐந்து கேள்வி இருக்கும் தாளை மடித்து, இரண்டு மட்டும் தெரிகிற மாதிரி வைப்பேன். அந்த இரண்டும் முடிந்ததும் என்னிடம் காட்ட வேண்டும், அதற்கு அவன் எழுந்து நடந்து வரலாம். நடப்பது அவனுக்குத் தேவை. சாக்பீஸ் எடுத்து வருவது, வருகைப் பதிவேட்டை அலுவலக அறையில் கொடுத்துவிட்டு வருவது, கட்டுரை நோட்டுகளை விநியோகிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. கடைசி பெஞ்சின் பின்னால் நின்றபடி எழுத வேண்டுமா, எழுதட்டும். உட்கார்ந்தால்தான் தமிழ் வரும் என்று எந்த இலக்கணத்திலும் இல்லை.

உட்கார வைக்கும் இடமும் முக்கியம். முன் வரிசை என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எங்கள் முன் வரிசை வாசலை ஒட்டியிருக்கிறது, வராந்தாவில் போகிற வருகிற எல்லோரும் அவன் பாடத்தில் கலந்துகொள்வார்கள். நான் நடக்கும் வழியில், நடுவில், நிதானமான ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தேன். மேஜை மேல் தட்டி ஒரு சின்ன ஜாடை காட்டினால் புரிந்துகொள்வான், வகுப்பு முழுக்கக் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. அந்தப் பெயரை ஒரு நாளில் எத்தனை ஆசிரியர்கள் எத்தனை முறை அதட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

போர்டைப் பார்த்து எழுதுவது தனிக் கொடுமை. நிமிர்ந்து பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து, வரியைத் தேடி, எழுத்தை வரைந்து, மறுபடி நிமிர்ந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. கவனமும் எழுத்தும் இரண்டுமே பலவீனமான பிள்ளைக்கு ஒரே வேலையில் இரண்டு சுமை. அவனுக்கு நான் ஜெராக்ஸ் கொடுக்கிறேன், முக்கியமான சொற்களை மட்டும் கோடிட்ட இடங்களில் அவன் கையால் நிரப்புகிறான். சொல்வதை எழுதும் பயிற்சியை விடவில்லை, ஆனால் தினமும் சில சொற்கள்தான், கொம்பு ஒரு நிறம், எழுத்து ஒரு நிறம், கால் ஒரு நிறமாக எழுதி, விரலால் தொட்டு ஒலியைச் சொல்லிப் பழகுகிறான். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. கட்டுரை மதிப்பெண்ணில் எழுத்துப்பிழைக்குக் கழிப்பதைத் தனியாகவும், சொன்ன விஷயத்துக்குத் தருவதைத் தனியாகவும் போடுகிறேன், அவனுக்கு எது வருகிறது என்று அவனுக்கே தெரிய வேண்டும்.

பாராட்டும் உடனே வேண்டும். வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தால் வெள்ளிக்கிழமை ஸ்டார் என்பதெல்லாம் அவனுக்கு எட்டாத தூரம். முதல் வரியை எழுதியதும் அந்த இடத்திலேயே ஒரு டிக். அது போதும்.

"மத்த பிள்ளைங்க கேக்க மாட்டாங்களா?" என்று ஓய்வறையில் ஒரு சார் கேட்டார். கேட்டார்கள். "அவனுக்கு எழுத ரொம்ப கஷ்டமா இருக்கு, அதான்" என்று சொன்னேன், சரி டீச்சர் என்று போய்விட்டார்கள். பிள்ளைகள் நம்மை விடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள். அதோடு, போர்டில் வேலைகளை வரிசையாக எழுதத் தொடங்கியதிலிருந்து எதை எங்கே எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டு வரும் கூட்டமே குறைந்துவிட்டது.

தண்டனை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்று பி.டி. பீரியடைப் பிடுங்குவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அந்தப் பிள்ளையின் உடம்பு நாள் முழுக்கக் காத்திருப்பதே அந்த ஒரு பீரியடுக்குத்தான். அதையும் பறித்துவிட்டு அடுத்த வகுப்பில் ஆடாமல் உட்கார் என்றால் எப்படி? எழுதவே சிரமப்படும் பிள்ளைக்கு நூறு தடவை இம்போசிஷன் கொடுப்பதும் இதே வகைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்து, போகிறவர்கள் பார்க்கும்படி விடுவது அதில் வராதா?

மருந்து பற்றிச் சுருக்கமாக. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டரும் பெற்றோரும் முடிவு செய்வது, நாம் "மாத்திரையெல்லாம் குடுக்காதீங்க, மந்தமாயிடுவான்" என்று கருத்து சொல்லக்கூடாது. நாம் பார்த்துச் சொல்ல வேண்டியவை வேறு. மீத்தைல்பெனிடேட் போன்ற மருந்துகள் பசியைக் குறைக்கும், டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பிப் போகிறதென்றால் அம்மாவிடம் சொல்லுங்கள். அதில் குறைந்த நேரமே வேலை செய்யும் வகைக்கு வீரியம் சுமார் 4 மணி நேரம்தான், காலையில் போட்டது மதியத்துக்குள் இறங்கிவிடும். மதியம் வேறு பிள்ளை மாதிரி இருக்கிறான் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம், அந்தத் தகவல் டாக்டருக்குத் தேவை. கடினமான பாடத்தையும் டெஸ்டையும் காலையிலேயே வைக்க முடிந்தால் நல்லது. இன்னொன்று, மருந்து கவனத்துக்கு உதவும், டிஸ்லெக்சியாவைச் சரி செய்யாது. மாத்திரை ஆரம்பித்தும் "கெகு" அப்படியே இருக்கிறதே என்று வருந்தும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டும், அந்தப் பகுதிக்குத் தனியாகக் கற்பித்தல்தான் வழி.

இவ்வளவு நேரம் பையன், பையன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கும் உண்டு, நமக்குத்தான் தெரிவதில்லை. ஓடாது, ஆடாது, யாரையும் தள்ளாது. மூன்றாவது வரிசையில் அமைதியாக உட்கார்ந்து வேறு உலகத்தில் இருக்கும். கணக்கில் பாதி ஸ்டெப் போட்டுவிட்டு நிற்கும், ஜியாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு வீட்டில் சொல்லப் பயப்படும். "நல்ல பிள்ளைதான், படிப்பு ஏறல" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். தொந்தரவு செய்கிற பிள்ளைதான் கவனிக்கப்படுகிறது, தொந்தரவு செய்யாத குற்றத்துக்காக இந்தப் பெண் வருஷக்கணக்கில் விடுபட்டுப் போகிறாள்.

இனி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைகளைப் பட்டியலிட்டது, அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதில் அடங்கும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவதைப் பள்ளியின் கடமையாக 16-ஆம் பிரிவு சொல்கிறது, தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த 21-இல் ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. அதனால் ஏடிஎச்டி என்ற மருத்துவச் சீட்டோடு மட்டும் பெற்றோர் அலைந்து திரும்பும்போது மனசு கஷ்டப்படுகிறது. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று முறையாக மதிப்பீடு செய்வது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தருகிறது. பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு, சான்றிதழ், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு உண்டு, பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஓடத் தொடங்கினால் மூச்சுத் திணறும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அவர்களுக்குத் தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, தொண்ணூறுகளிலிருந்து இதே வேலையைச் செய்து வருகிறார்கள், ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

பெற்றோர் தயங்குவார்கள். "கார்டு வாங்கிட்டா நாளைக்கு பேரு கெட்டுப் போயிடாதா டீச்சர்?" என்று கேட்ட ஒரு அம்மாவின் முகம் எனக்கு மறக்காது, பெண் பிள்ளை வேறு. அவசரப்படுத்தக்கூடாது. வகுப்பில் நான் செய்கிற எதற்கும் கார்டு தேவையில்லை, தாளை மடித்து வைக்க எந்த அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்த பிறகு அந்த அம்மாவே வந்து மற்றதைக் கேட்டார்.

சலுகை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது பல பள்ளிகளில் நடக்கிறது. எழுதுபவரிடம் பதில் சொல்வது பழக வேண்டிய திறமை. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், அவர் எழுதி முடிக்கும் வரை பொறுக்க வேண்டும், அடுத்து என்ன சொல்ல நினைத்தோமோ அதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். ஏடிஎச்டி பிள்ளைக்கு இந்த மூன்றும் கஷ்டம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கிளாஸ் டெஸ்ட்களில் யாரையாவது எழுத வைத்துப் பழக்குங்கள். கூடுதல் ஒரு மணி நேரமும் அப்படித்தான். மூன்று மணி நேரமே உட்கார முடியாத பிள்ளைக்கு நான்கு மணி நேரம் கொடுத்துவிட்டு அது சலுகை என்று எண்ணினால், பல பிள்ளைகள் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்தாமலே எழுந்து வந்துவிடுவார்கள். நேரத்தைத் துண்டு போடப் பழக்க வேண்டும், ஒரு மார்க் முடிந்ததும் தண்ணீர் குடி, கண்ணை மூடு, கையை உதறு, அப்புறம் அடுத்த பகுதி என்று.

கடைசியாக, ஏப்ரலில் நான் செய்யும் ஒரு வேலை. அடுத்த வருஷ வகுப்பாசிரியருக்கு, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். எங்கே உட்கார வைத்தால் சரியாக இருந்தான், எந்த ஜாடை புரியும், எதற்கு அழுவான், எதைப் பற்றிப் பேசினால் முகம் மலரும், எழுத்துப் பயிற்சி எதுவரை வந்திருக்கிறது, சான்றிதழ் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது. இல்லையென்றால் ஜூன் மாதம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், புதிய டீச்சர் அவனைப் புரிந்துகொள்வதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். நீங்கள் இந்த வருஷம் அப்படி ஒரு பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள், விடுமுறைக்கு அப்புறம் பாதி மறந்துவிடும்.